1-ஆ, 7-ஆ? வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆற்றங்கரை வளவில் நிற்கிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் என்றால் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் இரண்டாம் ஜன்னலில் உட்காரும் தம்பிக்குத் தெரியும், வாசலில் ஃபாரம் எழுதிக் கொடுக்கும் அண்ணாச்சிக்குத் தெரியும், எதிர்த்த டீக்கடையில்கூட "என்ன சார், நம்பர் ஏறிட்டா?" என்று கேட்டுக்கொண்டேதான் கிளாஸைக் கையில் கொடுக்கிறார்கள். அதன் பழைய பதிவுப் புத்தகத்தைக் கணினியில் ஏற்றச் சொல்லி 14 மாதமாக அலைகிறேன் என்பதும் தெரிந்ததுதான், அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு வருகிறேன்.

அன்றைக்கு ஆறாவது முறையாக வந்தேன். ஆர்.சி. என்கிற அந்தப் பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் எண்ணின், அதாவது வண்டியின் அடிச்சட்ட எண்ணின், கடைசிக்கு முந்தின இலக்கம் 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லையாம். 1969-ல் உங்கள் துறை எழுத்தர் ஒருவர் நீல மையில் எழுதியது. அவர் மேலே கொக்கி போட்டாரா, பேனா இழுத்துக்கொண்டதா என்று நான் எப்படிச் சொல்ல? "கம்பெனியிலருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்திருங்க சார், ஏத்திரலாம்" என்று தம்பி சாதாரணமாகச் சொன்னார். ஐயா, அந்தக் கம்பெனி 1980-களின் முடிவிலேயே கார் செய்வதை நிறுத்திவிட்டது. அதன் தொழிற்சாலை இருந்த பெருங்களத்தூர் பக்கம் போய் நான் யாரிடம் லெட்டர் கேட்பது? கொஞ்சம் தள்ளி வண்டலூர் மிருகக்காட்சிச் சாலை இருக்கிறது, அங்கே சிங்கத்திடம் கையெழுத்து வாங்கி வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பழைய ஆர்.சி. புத்தகத்தை 'வாகன்' என்கிற அரசின் வண்டிப் பதிவுக் கணினியில் ஏற்றித் தாருங்கள்.

புத்தகம் அழுக்காக இருக்கிறது என்பது உண்மைதான். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தாமிரபரணி எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் வளவில் இடுப்பளவுக்குத் தண்ணீர், பீரோவின் அடித்தட்டில் இருந்ததெல்லாம் ஊறிவிட்டது. அந்தப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து, நடுவில் பழைய பேப்பரை வைத்து, மூன்று நாள் ஃபேனுக்கு அடியில் காயப்போட்டு எடுத்தோம். பெரியப்பா பெயரும் தெரிகிறது, அதற்குக் கீழே அப்பா பெயருக்கு மாற்றியதும் தெரிகிறது, முத்திரை தெரிகிறது. அந்த ஒரே ஒரு இலக்கத்தில்தான் மையும் பரவிவிட்டது.

அந்த இலக்கமோ காரிலேயே இருக்கிறது, ஐயா. ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக, மட்கார்டோடு சேர்ந்து முதலை வாயைப் பிளந்த மாதிரி முழுசாகத் திறக்கும். உள்ளே தகட்டில் எண் அடித்திருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தால் முடிந்தது. நான் மூன்று முறை தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். நான் எடுத்தது செல்லாது, ஆய்வாளர் பார்த்து எடுக்க வேண்டும் என்றார்கள். சரி, நியாயம். ஆய்வாளர் வர முடியாது, வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். எப்படிக் கொண்டுவருவது? புகைச் சான்று தருகிற கடையில் எண்ணைத் தட்டினால் அப்படி ஒரு வண்டியே இல்லை என்கிறது. கணினியில் இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸும் போட மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ரெக்கவரி வேனில் ஏற்றி 3,500 ரூபாய் கொடுத்துக் கொண்டுவந்தேன், அன்றைக்கு ஆய்வாளர் கேம்ப் போய்விட்டார். வேனைப் பார்த்த பக்கத்து வளவு ஆச்சி, காரை விற்றுவிட்டோம் என்று நினைத்து அப்பாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

வண்டி ஓடாமல் நிற்பது பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் செலவு அதிகம். பிரேக்கின் வீல் சிலிண்டர் இறுகிப்போய் இரண்டு முறை ரப்பர் மாற்றியாயிற்று. முன் சக்கரத்தை அடியில் தாங்குகிற பித்தளை மூட்டு ஒன்று இருக்கிறது, ட்ரன்னியன் என்பார்கள். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். அது தெரியாமல் கிரீஸை அடைத்துவைத்துத்தான் பெரியப்பா காலத்தில் ஒருமுறை சக்கரம் மடிந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. அந்த மூட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் போட்டேன். கடல் தாண்டி 18 நாளில் வந்து சேர்ந்தது. இரண்டாம் ஜன்னலிலிருந்து உங்கள் அறைக்கு என் கோப்பு 14 மாதமாக வந்துகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் வண்டியைக் கிளப்புவேன். பெட்ரோல் பம்பின் கைப்பிடியை நாலு தட்டு, சோக்கை இழுத்து ஒரு செல்ஃப், பிடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு 81 வயது. அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் வந்து உட்காருவார். கேட் வரைக்கும் ஆறடி முன்னால் போவேன், ஆறடி பின்னால் வருவேன். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று பெயர் வாங்கிய வண்டி, எங்கள் முற்றம் மொத்தமே 20 அடிதான். நாலு கியர் உள்ள வண்டிக்கு இத்தனை மாதமாக முதல் கியரும் ரிவர்ஸும் மட்டும்தான் தெரியும். மூன்று தடவை முன்னும் பின்னும் போய்விட்டு அணைத்துவிடுவேன். அப்பா மெதுவாக இறங்கி, "வண்டி நல்லாத்தான் போகுது, என்ன?" என்பார். நான் ஆமாம் என்பேன்.

விதியும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2021 ஜூலை 15-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்காகக் கொண்டுவந்த விண்டேஜ் விதி உங்கள் மேசையிலேயே இருக்கும். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், தாண்டியாயிற்று. சேசிஸ், பாடி, இஞ்சின் மாறியிருக்கக் கூடாது, மாற்றவில்லை, அதே 948 சிசி இஞ்சின். பதிவு பத்து வருஷம் செல்லும், பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், 60 நாளைக்குள் சான்று தர வேண்டும். தினமும் ஓட்ட நானும் கேட்கவில்லை. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் மராமத்துக்கும் போகலாம் என்று விதியிலேயே இருக்கிறது. பெட்ரோல் பங்க் மூன்று கிலோமீட்டர், அப்பாவுக்கு அதுவே போதும். ஆனால் விண்ணப்பத்தில் எண்ணைத் தட்டினால் மறுபடியும் அதே பதில், அப்படி ஒரு வண்டி இல்லை. "பேசாம ஸ்கிராப்புக்குக் கொடுத்துருங்களேன் சார்" என்று ஒருவர் யோசனை சொன்னார். விசாரித்தால் அதற்கும் முதலில் கணினியில் ஏற வேண்டுமாம். பிறந்ததற்குச் சான்று இல்லையென்றால் சாகவும் விட மாட்டீர்கள் போல.

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது, இப்போது பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் ஊற்றுகிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கிவிடும், பம்பின் டயாஃப்ரம், அதாவது உள்ளே இருக்கிற சவ்வு, ஒரே வருஷத்தில் இரண்டு போய்விட்டது. 1969-ல் செய்த வண்டியிடம் யாராவது கேட்டார்களா? பழையது என்றாலே குப்பை என்ற எண்ணம் மேலிருந்து கீழ்வரை வந்துவிட்டது. மெட்ராஸிலேயே செய்த கார் இது, அதுவும் நாலு கதவு வைத்த ஹெரால்டு இங்கே மட்டும்தான் செய்தார்கள், வெள்ளைக்காரன் ஊரிலேயே கிடையாது. அதைப் பார்க்க அங்கிருந்து ஆள் வந்தாலும் வருவான், உங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வர மாட்டார்.

மன்னிக்கவும், எத்தனாலுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஊழியர்கள் யாரும் என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் வந்து பார்த்தால் பத்து நிமிஷ வேலை, அந்த ஒருவர் யார் என்றுதான் 14 மாதமாகத் தெரியவில்லை.

ஆகவே ஐயா, தயவுசெய்து ஆய்வாளர் ஒருவரை வளவுக்கு அனுப்பி, தகட்டைப் பார்த்து, அது 1-ஆ 7-ஆ என்று அவர் கையாலேயே எழுதி, எங்கள் ஆர்.சி. புத்தகத்தைக் கணினியில் ஏற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பென்சிலும் காகிதமும் நான் வைத்திருக்கிறேன். வருகிற நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் முதல் நாள் இரவே பேட்டரியை சார்ஜில் போட்டுவைப்பேன். அப்பாவிடமும் சொல்ல வேண்டும், சட்டை தேய்க்கக் கொடுப்பார்.

இப்படிக்கு,
ஹெரால்டுக்காரர் மகன்