மறுபடி ‘சார்’ ஆகிவிட்டேன்

டேய் மாப்பிள்ளை,

ஒரு வருஷமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டு இப்போது வந்து நிற்கிறேன், திட்டுவதாக இருந்தால் முதலிலேயே திட்டி முடித்துவிடு. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சோடாபுட்டி இன்னும் அதே புளுகுதானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை வீட்டில் சொன்னால் “நீங்க அப்படித்தானே” என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவாள், அதனால் உன்னிடம்.

வாட்ச் ரிப்பேர் பழக என் கடைக்கு வந்த பையனைப் பற்றித்தான். ஸ்க்ரூ டிரைவரைக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றானே, அவனேதான், வந்து 4 வருஷம் ஆகிவிட்டது. மாஸ்டர் நமக்குச் செய்த கொடுமையையே நானும் அவனுக்குச் செய்தேன்: 6 மாதம் ஓடாத வாட்சுகளில் ஸ்க்ரூவைக் கழற்று, மாட்டு, மறுபடி கழற்று. நீ அதைத் தாங்காமல்தான் ஓடினாய். இவன் ஓடவில்லை. முதலில் ‘சார்’ என்றான், அப்புறம் ‘மாஸ்டர்’. ஒரு நாள் ராத்திரி, கண்ணுக்கே தெரியாத ஒரு ஷாக் ஸ்பிரிங் ட்வீசரிலிருந்து தெறித்துப் போய்விட்டது. இரண்டு பேரும் டார்ச்சோடு மேஜைக்கு அடியில் ஒரு மணி நேரம் தவழ்ந்தோம். கடைசியில் அவன் என் முகத்துக்கு நேரே வெளிச்சத்தைப் பிடித்து, “அண்ணே, அசையாதீங்க, தாடியில இருக்கு” என்றான். அன்றிலிருந்து அண்ணன்தான்.

இந்த வருஷம்தான் எனக்குக் கோணல் புத்தி வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் “தம்பி இல்லையா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கவுன்டரில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு தடவை, அவன் உள்ளே வேலையில் இருக்கும்போதே, “வெளியே போயிருக்கான், என்னிடம் கொடுங்க” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். இந்த வயதில் இப்படி ஒரு பொய்! சிரிக்காதே.

போன வாரம் ஒருவர் வந்தார். பையன் சர்வீஸ் செய்து கொடுத்த ஆட்டோமேடிக் வாட்ச், ஒரு நாளைக்கு 15 நிமிஷம் வேகமாக ஓடுகிறதாம். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பார், அதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவு சுற்றி வளைக்கிறேன். அவர் எதிரிலேயே பையனைக் கூப்பிட்டு, ஹேர் ஸ்பிரிங்கைத் தொடத் தெரியாதவன் எல்லாம் வாட்சைத் திறக்கலாமா என்று ஆரம்பித்து, அவன் 4 வருஷத்தையும் குப்பையில் கொட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. “பார்க்கிறேன் சார்” என்றான். சார்.

மறுநாள் காலையில் போனால் வாட்ச் அச்சாக ஓடுகிறது. என் ரேடியோ மேஜையில் இல்லை, அலமாரிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், தூசி தட்டினானாம். அவன் தட்டில் ஒரு சின்ன காந்த ஊசிப் பெட்டி கிடந்தது. பக்கத்திலேயே ஏறிய காந்தத்தை எடுக்கிற மாஸ்டர் காலத்து டீமேக்னடைசர், நீ கை வைத்து ஷாக் வாங்கி ஊரையே கூட்டினாயே, அதேதான்.

உனக்குப் புரிந்திருக்கும். ரேடியோ ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கிற காந்தம். முடிந்த வாட்சுகளை எல்லாம் அதன் மேல் சாய்த்து வைப்பது யார்? நான். ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கின் நீளமே குறைந்துபோன மாதிரி ஆகும், வாட்சின் வேகத்தைப் பிடித்து வைக்கிற பாலன்ஸ் வீல் அவசர அவசரமாக ஆடும். நொடிக்கு 8 தடவை ஆட வேண்டியது இன்னும் துள்ளினால் வாட்ச் வேகமாக ஓடத்தானே செய்யும். டீமேக்னடைசரில் போட்டு மெதுவாக வெளியே இழுத்தால் சரியாகிவிடும், அரை நிமிஷ வேலை. அந்த ரேடியோவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று பையன் ஆறு மாதம் முன்னாலேயே கேட்டான். “எனக்குச் சொல்லித் தருகிறாயா?” என்று நான்தான் எரிந்து விழுந்தேன். இப்போது கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூசி தட்டினானாம்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், நீ ஓடும்போது கடையிலேயே விட்டுப்போன விஞ்ஞானி பாரடேயைப் பற்றிய புத்தகத்தை எடுத்தேன். (திருப்பிக் கேட்காதே, அட்டை போய்விட்டது.) நீ அந்தக் காலத்தில் எங்கள் உயிரை வாங்குவாயே, புக் பைண்டிங் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் 1812-இல் வேதியியல் விஞ்ஞானி டேவியின் 4 சொற்பொழிவுகளைக் கேட்டு, எழுதிய குறிப்பை எல்லாம் பைண்டு பண்ணி அவருக்கே அனுப்பி, அடுத்த வருஷம் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தான் என்று. அந்த இனிப்பான பகுதியோடு நீ நிறுத்திவிடுவாய். அதற்கு மேல் இருப்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது. 1823-இல் பாரடே குளோரினைத் திரவமாக்கி எழுதிய கட்டுரையோடு, இதில் என் யோசனையும் இருக்கிறது என்கிற மாதிரி டேவி ஒரு குறிப்பைச் சேர்த்தார். விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினராக பாரடேயின் பெயர் வந்தபோது டேவிதான் அங்கே தலைவர். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்றாராம். நான் போடவில்லையே, எப்படி வாங்குவது என்றானாம் இவன். அப்படியானால் நானே எடுத்துவிடுவேன் என்றாராம். சொசைட்டிக்கு எது நல்லதோ அதைச் செய்வீர்கள் என்று இவன் அமைதியாகச் சொல்லிவிட்டான். 1824 ஜனவரியில் நடந்த ரகசிய வாக்கெடுப்பில் அவனுக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு கறுப்புக் குண்டு. யார் போட்டது என்று யாரும் சொல்ல முடியாது. படிக்கும்போது அந்தக் குண்டு என் உள்ளங்கையில் உருளுகிற மாதிரி இருந்தது மாப்பிள்ளை.

ஆனால் அதே டேவிதான் அடுத்த வருஷம், இவன் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு இவனையே இயக்குநராகப் போடுங்கள் என்று சிபாரிசு செய்தவர். இதை எப்படிச் செரிப்பது என்று தெரியவில்லை. மனசு மாறியதா, குற்ற உணர்ச்சியா? இல்லை, இரண்டு குணமும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் குடியிருக்குமா? நம் மாஸ்டரை நினைத்துக்கொண்டேன். ஜன்னலோர மேஜையை அவர் எனக்குக் கடைசி வரைக்கும் கொடுக்கவில்லை. அவர் போன பிறகுதான் அதில் உட்கார்ந்தேன். அப்போது நான் அவரைத் திட்டிய திட்டு உனக்கு ஞாபகம் இருக்கும்.

சனிக்கிழமை அந்த வாட்ச்காரர் மறுபடி வருகிறார். திட்டியது அவர் முன்னால், அதனால் தப்பு என்னுடையது என்று சொல்வதும் அவர் முன்னால்தான். நேற்று தனியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. ஜன்னலோர மேஜையைக் கொடுப்பாயா என்று நீ கேட்பாய். கேட்காதே, இன்னும் மனசு வரவில்லை.

அதுவரைக்கும் போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் வேடிக்கையாக்கி நழுவிவிடுவேன். ரேடியோ அலமாரி மேலேயேதான் இருக்கிறது, அங்கிருந்து பாட்டு சரியாகக் கேட்கவும் இல்லை. உள்ளே பையன் “சார், அந்த 3-ஆம் நம்பர் டிரைவர் எங்கே?” என்று கேட்கிறான். போகிறேன்.

ஒத்தக்கண்ணன்