மாமா பீடியை விட்டது பற்றி

குராய்டன், லண்டன்,
2025 நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். கடிதம் என்றதும் பயந்துவிடாதே. நீ எப்போதும் போனை ஸ்பீக்கரில் போடுவாய், மாமா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். தமிழில் கையால் எழுதி மூன்று வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் பீடி விஷயம். மாமா பீடியை அடியோடு விட்டுவிட்டார், ஆனால் பகலெல்லாம் தூங்குகிறார், தலையணை எச்சிலில் நனைகிறது, நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று நீ சொன்னதுமே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று நான் கத்தினேன். நீயும் போனாய். டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார் என்று அத்தான் மெசேஜ் போட்டிருந்தார். "நல்ல காரியம் செய்தவருக்கு ஏன் உடம்பு கெட வேண்டும்?" என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன்.

மாமா சாப்பிடுவது குளோசபின், மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை. அதை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். புகையிலைப் புகை உடம்புக்குள் போனால் கல்லீரல் அந்த வேலையை வேகமாகச் செய்யும். நிகோடின் இல்லை, புகைதான் காரணம். டாக்டர் அளவு போட்ட காலத்தில் மாமா ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடித்தார், அந்தப் புகைக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. பீடி நின்றதும் கல்லீரல் நிதானமாகிவிட்டது, மாத்திரை மட்டும் அதே கணக்கில் போய்க்கொண்டிருந்தது. மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது, அவ்வளவுதான். நாளைக்கே அவர் திரும்பப் பீடி பற்றவைத்தால் இதற்கு நேர்மாறாக ஆகும், மருந்து இறங்கிவிடும், பழைய குரல்கள் எட்டிப்பார்க்கும். அதனால் ஒளித்துப் பிடித்தாலும் உன்னிடம் சொல்கிற தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். திட்டாதே. டாக்டரிடம் போய்ச் சொல், நீயாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மலச்சிக்கலைச் சாதாரணமாக எண்ணாதே. இந்த மாத்திரையில் குடலே வேலை செய்யாமல் நின்று, உயிருக்கு ஆபத்தானவர்கள் உண்டு. இங்கே நாங்கள் குசலம் விசாரிப்பது போல, "கடைசியாக எப்போது போனீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்போம். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது தேநீர் குடித்துக்கொண்டே கேட்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது மாத்திரையை மறந்துவிட்டு வந்தீர்களே, அந்த மாதிரி 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கு ஒன்றும் ஆகாதது நம் அதிர்ஷ்டம்.

சரி, என் வேலையைக் கேட்டாய். "ஆஸ்பத்திரியில் இல்லாமல் தெருத்தெருவாக அலைகிறாயாமே" என்று அத்தை சொல்லிச் சிரித்தாளாம். உண்மைதான். முதுகில் ஒரு பை, அதில் ஊசி மருந்து, மஞ்சள் நிற ஊசி டப்பா, பிபி மெஷின், லேப்டாப். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு பட்டன் இருக்கிறது, ஆபத்து என்றால் அமுக்கலாம். இதுவரை அமுக்கியதில்லை. என் பங்குக்கு 26 பேர், எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்கிறவர்கள். பாதிப் பேர் மாமாவைப் போல மனச்சிதைவு நோய்க்காரர்கள், மற்றவர்கள் பித்தும் சோர்வும் மாறி மாறி வருகிறவர்கள். இந்த வேலைக்கு இங்கே சி.பி.என். என்று பெயர், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் மனநல நர்ஸ். இது தொடங்கியதே இந்த ஊர்ப் பக்கத்தில்தான். வார்லிங்ஹாம் பார்க் என்று பெரிய மனநல ஆஸ்பத்திரி இருந்தது. அங்கிருந்து 1954-ல் நர்ஸ்களை வார்டைவிட்டு வெளியே, வீடு திரும்பியவர்களைப் பார்த்து வர அனுப்பினார்கள். 1961-ல் சுகாதார அமைச்சர் ஈனோக் பவல், இந்த மாதிரி ஆஸ்பத்திரிகள் எல்லாமே காலியாக வேண்டும் என்று மேடையில் சொன்னார். வார்லிங்ஹாம் பார்க்கும் 1999-ல் மூடிவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் குடியிருப்பு வீடுகள். ஆஸ்பத்திரியைக் காலி செய்தது சரி, ஆனால் வெளியே வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளப் போதுமான ஆள் போட்டார்களா என்று என் சம்பளச் சீட்டையும் 26 பேர் பட்டியலையும் பார்த்தால் தெரியும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லக் கூடாது. மூன்றாம் மாடிக்காரர் என்று வைத்துக்கொள். ஐம்பது வயது, தனி ஆள். இங்கே வீட்டுக் கதவில் இடுப்பு உயரத்தில் கடிதம் போட ஓர் இடுக்கு இருக்கும், அதற்கு ஒரு பித்தளை மூடி. முதல் ஆறு வாரம் அவர் கதவையே திறக்கவில்லை. நான் குனிந்து அந்த மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பேசுவேன். உள்ளிருந்து இரண்டு கால் தெரியும், கறுப்பு சாக்ஸ், ஒரு பெருவிரல் ஓட்டை வழியாக வெளியே. "குட் மார்னிங்" என்பேன். அந்த விரல் அசையும். அதுதான் பதில். ஏழாவது வாரம் சங்கிலியை எடுத்தார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவருக்கு டிப்போ ஊசி, உடம்பில் மெதுவாகக் கலந்து வாரக்கணக்கில் வேலை செய்வது. மருந்து எண்ணெய் மாதிரி இருக்கும், மெதுவாகத்தான் ஏற்ற முடியும். டிவியில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும், சத்தத்தைக் குறைக்க விடமாட்டார். இடுப்புச் சதையில் ஊசி போய்க்கொண்டிருக்கும்போது அவர் எனக்குப் பந்தயக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பார். இப்படியே ஒரு வருஷம் நன்றாகப் போனது.

அப்புறம்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு நாள் அவர் மாடிப்படியில் யாரிடமோ பேசப் போயிருந்தார். தொட்டி நிறைய எச்சில் பாத்திரம். நம் வீட்டில் செய்வது போல எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். திரும்பி வந்தவர் முகம் வெளுத்துப்போனது. அந்தக் கோப்பைகளை ஒரு வரிசையில் வைத்திருந்தாராம். தான் இல்லாதபோது யாரும் உள்ளே வந்தார்களா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வாராம். என்னை ஒன்றும் சொல்லவில்லை, கதவைக் காட்டினார். அதற்குப் பிறகு மூன்று வாரம் பழையபடி சாக்ஸோடுதான் பேசினேன். ஊசி தள்ளிப்போய்விட்டது, எனக்குத் தூக்கமில்லை. எங்கள் டீமில் முப்பது வருஷம் இந்த வேலை பார்த்த ஓர் அம்மா சொன்னார்: "வார்டில் அவர்கள் நம்முடைய விருந்தாளி. இங்கே நீ அவருடைய விருந்தாளி. உன் வீட்டுக்கு வந்தவன் உன் அலமாரியை அடுக்கினால் விடுவாயா?" போய் மன்னிப்புக் கேட்டேன், அந்த இடுக்கு வழியாகத்தான். இப்போது திரும்ப உள்ளே விடுகிறார். கோப்பையைத் தொடுவதில்லை.

இதை எழுதும்போது மாமாவின் பின்கட்டு அறை ஞாபகம் வருகிறது. அவர் ஜன்னல் ஓரம் அடுக்கி வைக்கும் தீப்பெட்டிகளை நாம் வாராவாரம் பெருக்கித் தள்ளினோமே. அன்றைக்கெல்லாம் அவர் சாப்பிட மறுப்பார். நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழுவாள்.

இந்த ஊரைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. சி.டி.ஓ., அதாவது கம்யூனிட்டி ட்ரீட்மென்ட் ஆர்டர் என்று ஒரு சட்டம் இருக்கிறது, 2008-லிருந்து. வீட்டுக்கு அனுப்புவார்கள், ஆனால் நிபந்தனையோடு. மீறினால் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அழைத்து 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கறுப்பின மக்கள் மீதுதான் இது வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் பாய்கிறது. ஊசி போட மாட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது நான் சிரித்துப் பேசினாலும், அந்தச் சட்டம் என் பைக்குள் இருப்பது அவருக்கும் தெரியும். அதோடு தனிமை. டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். அந்த வாரத்தில் தன்னோடு பேசிய ஒரே மனுஷன் நான்தான் என்று சொல்கிறவர்கள் என் பட்டியலில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். மாமாவுக்கு நீ காலையில் காப்பி கொடுத்து "எழுந்திரும்" என்று அதட்டுகிறாயே, அது எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாதது.

தார்ன்டன் ஹீத் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். நோய் அவர் மகனுக்கு. மகன் இங்கேயே பிறந்தவன், இங்கிலீஷ்தான் பேசுவான். நான் தமிழ் என்று தெரிந்ததும் நிம்மதியாவார் என்று நினைத்தேன். பயந்துவிட்டார்! "தம்பி, உந்த அட்டையை உள்ளுக்க விட்டுட்டு வாங்கோ, சனம் பார்க்கும்" என்றார். கோயிலில் கேட்பவர்களிடம் மகன் கனடாவில் படிக்கிறான் என்று சொல்லியிருக்கிறாராம். மகன் மேல் மாடியில் இருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாமும்தானே மாமா பம்பாயில் வேலை பார்க்கிறார் என்று உன் பெண்பார்ப்பின்போது சொன்னோம். நாலு மாதம் கழித்து ஒரு நாள் அவரே கேட்டார், "உங்கட வீட்டிலயும் ஆருக்கேனும் இப்பிடி இருக்கோ?" இருக்கிறது என்றேன். அன்றைக்குத்தான் புட்டு வைத்தார்.

2001-ல் அம்மா மாமாவை, மனநோய்க்காரர்களைக் கொண்டுபோய் விடுகிற ஏர்வாடிக்குக் கூட்டிப் போகத் துணிமணி கட்டி வைத்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்தார்கள். பேப்பரைப் படித்துவிட்டு அம்மா அந்தப் பையை அவிழ்க்காமலே பரண் மேல் போட்டாள். நான் சின்னப் பையன். இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று இங்கே இன்டர்வியூவில் கேட்டபோது எனக்குச் சொல்ல வராமல் போனது அந்தப் பைதான்.

இப்போது உனக்கு நாலு வேலை. சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிறாளே மக்களைத் தேடி மருத்துவத்துப் பெண், அவளிடம் மாமாவின் பிபியையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல். எடையை மாதம் ஒரு முறை ரேஷன் கடைத் தராசிலாவது பார். இந்த நோய்க்காரர்கள் மற்றவர்களைவிட 15, 20 வருஷம் முன்னதாகப் போய்விடுகிறார்கள், பெரும்பாலும் நெஞ்சடைப்பு, சர்க்கரை மாதிரி எல்லோருக்கும் வருகிற நோய்களால். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, இந்த மாத்திரை வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது. காய்ச்சல், தொண்டை வலி என்றால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதே, அன்றைக்கே ரத்தம் பார். ராத்திரி உனக்கே மனசு தாங்காவிட்டால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அது மாமாவுக்கு மட்டும் இல்லை, உனக்கும்தான்.

எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். மாமாவுக்குத் தெரியாமல் எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் இங்கே நாங்கள் ஒருவரைப் பற்றி டாக்டருக்கு எழுதினால் அதன் நகல் அவர் கைக்கே போகும். அதனால் இதை ஒளித்து வைக்காதே. அவரிடம் கொடு, அல்லது படித்துக் காட்டு. கீழே இருப்பது அவருக்கு.

மாமா, நமஸ்காரம். பீடியை விட்டது லேசுப்பட்ட காரியம் இல்லை. மயக்கம் வந்தது உங்கள் தப்பும் இல்லை. தீப்பெட்டிகளை இனி யாரும் தொட மாட்டார்கள் என்று அக்கா சார்பில் நானே சொல்கிறேன். போன மாதம் போனில் ஏதோ சொல்ல வந்து, அக்கா குறுக்கே பேசியதால் விட்டுவிட்டீர்கள். அது என்ன?

உங்கள் தம்பி,
கணேசன்