வெளியீட்டுக் கட்டளையையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் பாடத்திட்டம் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஏஐ, டேட்டா சயின்ஸ் என்றுதான் போகிறது. கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எழுதி முடித்த மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் கோடு நன்றாகவே எழுதுகிறார்கள். எழுதியதை எங்கே அனுப்புகிறோம் என்பதில்தான் தடுமாற்றம்.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பேக்கேஜ்களை (கோடு பொதிகளை) இறக்கவும் வெளியிடவும் அன்றாடம் புழங்கும் என்பிஎம் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் 'என்பிஎம் பப்ளிஷ்' அடித்தால், வேறு முகவரி கொடுக்காதவரை பேக்கேஜ், யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொது ரெஜிஸ்ட்ரிக்குத்தான் (பேக்கேஜ்களின் இணையக் கிடங்கு) போகும். பெயருக்கு முன்னால் அட் குறியோடு நிறுவனப் பெயர் இருந்தால் மட்டும் அது தனிப்பட்டது என்று எடுத்துக்கொள்ளும். கட்டணக் கணக்கு இல்லையென்றால் 'பணம் கட்ட வேண்டும்' என்ற 402 பிழை காட்டி நின்றுவிடும். நின்றது நல்லதுக்குத்தான். புதிதாக வந்த பையனோ பிழையை அப்படியே இணையத்தில் தேடுவான். 'அக்சஸ் பப்ளிக்' என்று சேர்த்து அடி, சரியாகிவிடும் என்று எவரோ எழுதி வைத்திருப்பார். அடிப்பான், பிழை போய்விடும். வாடிக்கையாளரின் பில்லிங் கோடும் ஊர் முழுக்கப் போய்விடும்.

வேறு பேக்கேஜ் எதுவும் அதை நம்பி இல்லாவிட்டால் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் பெறலாம். அதற்குள் யார் யார் இறக்கிக்கொண்டார்களோ!

பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ்.ஜேசான் கோப்பில் 'பிரைவேட்: ட்ரூ' போட்டால் பப்ளிஷ் அடியோடு மறுக்கப்படும், நிறுவனத்தின் சொந்த ரெஜிஸ்ட்ரிக்கும்கூட. அங்கே அனுப்ப வேண்டியவர்கள் அந்த வரியை எடுத்துவிட்டு, 'பப்ளிஷ்கான்ஃபிக்' பகுதியில் சொந்த ரெஜிஸ்ட்ரி முகவரியை எழுத வேண்டும். முதலாவதைச் செய்து இரண்டாவதை விடுகிறவர்களே அதிகம். அப்புறம், 'டிரை-ரன்' சேர்த்து அடித்தால் என்னென்ன கோப்புகள் போகப்போகின்றன என்று பட்டியல் வரும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு பட்டியலின் நடுவே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள '.என்வ்' கோப்பு உட்கார்ந்திருந்தது. எவற்றை வெளியிடக் கூடாது என்று சொல்லும் '.என்பிஎம்இக்னோர்' கோப்பு ஒன்று இருந்தால், கிட் கருவிக்கான விலக்குப் பட்டியலான '.கிட்இக்னோர்' கணக்கிலேயே வராது என்பது எழுதியவருக்குத் தெரியவில்லை.

இப்போது 'ரிலீஸ்-இட்', 'செமான்டிக்-ரிலீஸ்' போன்ற கருவிகள் வெர்ஷன் மாற்றி, அதற்கு டேக் என்ற அடையாளக் குறி போட்டு, பப்ளிஷ் வரை ஒரே மூச்சில் முடித்துவிடுகின்றன. வசதிதான், ஆனால் அந்தப் பட்டியலை யார் பார்க்கிறார்கள்?

கல்லூரி லேப் கணினி ஒன்றில் 'வெர்டாச்சியோ' என்ற இலவச ரெஜிஸ்ட்ரியை நிறுவலாம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பேக்கேஜை அதில் வெளியிட்டுப் பார்க்க ஒரு பீரியட் போதும்.

ஒரு வாசகி,
பீளமேடு, கோவை.