சுடுதண்ணி ஊத்து தேடிப் போன கதை

டேய் மாப்ள,

உன் மெசேஜ் வந்து மூணு வாரமாச்சு, பதில் போடலன்னு திட்டாத. புது வேலைல சேர்ந்துட்டேன், அதான். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் ஒரே சேர்ல உக்காந்து இடுப்பு போயிடுச்சு, டாக்டர்ட்ட போனா "நடங்க"ன்னு ஒத்த வார்த்தைல அனுப்பிட்டார். நீயும் கழுத்து வலின்னு எழுதியிருக்க. முன்னல்லாம் நாம என்னென்னமோ பேசுவோம், இப்ப யாருக்கு எந்த எலும்பு எப்படி இருக்குங்கறதுதான் பேச்சே.

சரி, ரெண்டு நாள் லீவுல குடும்பத்தோட சுடுதண்ணி ஊத்து எதுக்காவது போலாமான்னு கேட்ருந்தியே, நான் போன மாசம்தான் போயிட்டு வந்தேன், அதுவும் ரெண்டு தடவ, மொத தடவ நல்லா ஏமாந்து. மேப்ல பாத்தா ஆவி பறக்குது, சுத்தி பாறை, பச்சைப் பசேல்னு மரம், அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போனா அங்க ஒரு சிமெண்ட் தொட்டி, பாதி பாசி, தண்ணில கைய வெச்சா நம்ம வீட்டு மொட்டை மாடி டேங்க் தண்ணி கூட இதவிட சூடா இருக்கும் போல. அப்புறம்தான் போட்டோ தேதியப் பாக்குறேன், எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. வீட்டம்மா ஒண்ணும் சொல்லல. அதான்டா எனக்கு பயமே.

வந்து உக்காந்து படிச்சப்பதான் தெரிஞ்சுது, ஊத்துன்னா ஒரே இடத்துல ஒரே மாதிரி எப்பவும் இருக்கும்னு இல்ல. கேதார்நாத் வழில கௌரிகுண்டத்துல இருந்த வெந்நீர்க் குளம் 2013 வெள்ளத்துல போயிடுச்சு. ஹிமாச்சல்ல தத்தாபானின்னு ஒரு ஊர், பேர்லயே சுடுதண்ணி இருக்கு, அங்க அணை கட்டி தண்ணி ஏறினதுல பழைய ஊத்தெல்லாம் முங்கிடுச்சு. அதனால கடைசி ரெண்டு மூணு மாசத்துல எடுத்த போட்டோ இருந்தா மட்டும் வண்டிய எடு.

நான் என்னமோ எரிமலை இருந்தாதான் தண்ணி சுடும்னு இத்தன வருஷம் நெனச்சுட்டு இருந்தேன். அப்படியெல்லாம் இல்ல. மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா உள்ள இறங்குது, பூமிக்குள்ள ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமாரா 25லேர்ந்து 30 டிகிரி சூடு ஏறிட்டே போகும், அங்க போய் காஞ்சுட்டு வேற வெடிப்பு வழியா சட்டுனு மேல வந்துட்டா ஆறுறதுக்குள்ள நமக்கு கெடைக்குது, அவ்ளோதான். இங்கிலாந்துல பாத்னு ஒரு ஊர் இருக்கே, ரோமானியர் குளிச்ச எடம், பக்கத்துல எரிமலையே கெடையாது, ஆனா 46 டிகிரில ஒரு நாளைக்கு பத்து லட்சம் லிட்டருக்கு மேல வருது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பேஞ்ச மழையாம் அது.

ஆனா மாப்ள, ஊத்துன்னு போர்டு இருந்தா எறங்கிடலாம்னு நெனக்காத. ஹிமாச்சல்ல மணிகரண்னு ஒரு ஊர், அங்க பக்கத்துலயே ஆறு ஐஸ் மாதிரி ஓடுது, ஊத்துத் தண்ணியோ கிட்டத்தட்ட கொதிக்குது. நம்ம உடம்புக்கு 40 டிகிரி தாண்டினா நல்லதில்ல, அதுக்குள்ளயே கால் மணி நேரம் போதும், கொஞ்சம் எந்திரிச்சு வெளில உக்காந்துட்டு அப்புறம் எறங்கு. ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுக்கோ, என்னைக் கேட்டா டவலவிட அது முக்கியம்.

இன்னொண்ணு, பாக்க அழகா இருக்கறதுதான் ஆபத்து. அமெரிக்கால எல்லோஸ்டோன் பார்க்ல கிராண்ட் பிரிஸ்மாடிக்னு ஒரு ஊத்து, போட்டோல பாத்திருப்ப, நடுவுல நீலம், சுத்தி மஞ்சளும் ஆரஞ்சும். அந்த நீலம் இருக்கற எடம்தான் ரொம்ப சூடு, ஓரத்துல தெரியற கலரெல்லாம் சூட்டத் தாங்கற நுண்ணுயிர். அதே எல்லோஸ்டோன் ஊத்துத் தண்ணிலதான் 1966ல தாமஸ் பிராக்னு ஒருத்தர் ஒரு பாக்டீரியாவப் புடிச்சார், அதுலேர்ந்து எடுத்த நொதியாலதான் பிசிஆர் டெஸ்டே ஓடுது, கோவிட் சமயத்துல நம்ம மூக்குல குச்சி விட்டாங்களே அதேதான். அங்க ஊத்துல விழுந்து வெந்தே இருபது பேருக்கு மேல செத்துருக்காங்க. ஓரத்துல மண்ணு கெட்டியா இருக்கற மாதிரி தெரியும், கால வெச்சா அப்பளம் மாதிரி ஒடஞ்சு உள்ள போயிடும். பாதை போட்டிருந்தா அத விட்டு எறங்காத.

பசங்கள தலைய முக்க விடாத. வெதுவெதுப்பான நல்ல தண்ணில ஒரு அமீபா வளரும், மூக்கு வழியா ஏறினா மூளைக்குப் போயிடும், ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா பொழைக்கறது கஷ்டம். கழுத்து வரைக்கும் போதும். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுதுல்ல, டாக்டர்ட்ட கேட்டுட்டே கூட்டிட்டு வா. சரக்கு போட்டுட்டு எறங்கக் கூடாது, இது யாருக்கு சொல்றேன்னு உனக்கே தெரியும்.

ரெண்டாவது தடவ போனது சின்ன எடம், போட்டோ எடுத்தா ஒண்ணுமே தெரியாது, பழுப்பா ஒரு குட்டை. பக்கத்துல வயசானவங்க நாலு பேர் காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாங்க, எந்தப் பக்கம் சூடு, எங்க எறங்கணும்னு அவங்கதான் காட்டினாங்க. அழுகின முட்டை நாத்தம், கந்தக வாயுதான், தெறந்த வெளின்னா பரவால்ல, பள்ளத்துலயோ மூடின ரூம்லயோ அந்த வாடை அடிச்சா மட்டும் நிக்காத, வெளில வந்துரு. வெடியக்காலைல போனோம், வெளில குளிரு, தண்ணி 38. செல்போன வண்டிலயே விட்டுட்டேன். வீட்டம்மா பத்து நிமிஷம் கழிச்சு "போன தடவைய மன்னிச்சுட்டேன்"னா.

இடுப்பு வலி சரியாயிடுச்சான்னு கேக்காத, திங்கக்கிழம ஆபீஸ் போனதும் திரும்பி வந்துருச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கின தூக்கம் இருக்கே, ரொம்ப வருஷமாச்சுடா அப்படித் தூங்கி.

அடுத்த மாசம் எந்த வாரம் தோதுப்படும்னு சொல்லு, நாங்களும் வரோம், ஒரே வண்டில போலாம். வெள்ளி மோதிரத்த வீட்லயே கழட்டி வெச்சுட்டு வா, அந்தக் கந்தகத்துல என்னோடது கருகருன்னு ஆயிடுச்சு, இன்னும் தேச்சுட்டு இருக்கேன்.

உன் மாப்ள