தேர்வு நாளில் கவுண்டரில் யார்?

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர்களைப் படிக்க அனுப்ப நீ போட்ட திட்டத் தாளைக் கடையில் அச்சிட்டு வாங்கி, பட்டாசாலையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். யாருக்கு எந்தப் படிப்பு, எந்த மாதம் கோஹா என்கிற நூலக மென்பொருள் பயிற்சி என்று கட்டம் கட்டி, வண்ணமெல்லாம் தீட்டியிருக்கிறாய். மூலையில் இரவு 11.40 என்று விழுந்திருக்கிறது. அந்நேரம் வரை கல்லூரியிலா இருந்தாய்? வீட்டில் உட்கார்ந்து செய்திருந்தால் சரி.

என்னிடம் யோசனை கேட்டது பெருமைதான். கீழே வேலை பார்ப்பவர்களுக்காக இவ்வளவு மெனக்கெடுகிற நூலகர் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் தாளில் படிப்பின் பெயர் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, லீவு இல்லை. இக்னோ பல்கலைக்கழகத்தின் நூலகச் சான்றிதழுக்குப் பிளஸ் டூ போதும், ஆறே மாதம் என்று எழுதியிருக்கிறாய். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் அல்லவா வரும்? டிசம்பர் நெருங்கும்போது உன் மாணவர்களும் வந்து மொய்ப்பார்களே, அப்போது கவுண்டரில் யார் உட்காருவது? நான் பணம் கட்டிவிட்டுப் பரீட்சை எழுதாமல் திரும்பிய கதை உனக்குத் தெரியும். அப்புறம் சான்றிதழோடு வந்த சின்னப் பெண் எனக்கு மேலே உட்கார்ந்தாள். அவளுக்குப் பட்டியல் அட்டை எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது.

அதனால் லீவை முதல் கட்டத்தில் போடு. இரண்டு பேரை ஒரே பருவத்தில் அனுப்பாதே. ஒருவர் ஜூன், ஒருவர் டிசம்பர். தேறி வந்தால் சம்பளத்தில் என்ன கூடும் என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள். வாய்வார்த்தையை நம்பாதே. 1929-இல் சென்னை நூலகச் சங்கம் பயிற்சி தொடங்கியபோதே கோடைப் பள்ளியாகத்தான் வைத்தார்கள். வேலையில் இருப்பவன் எப்போது வர முடியும் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

அட்டெண்டர்களுக்கு நேராக ‘பிறகு பார்க்கலாம்’ என்று போட்டிருக்கிறாய். நீயா இப்படி எழுதினாய்? அவர்களிடம்தான் தொடங்க வேண்டும். தமிழ்க் கதைப் புத்தகத்தின் முதுகில், தட்டில் அடுக்குவதற்கான டூயி எண் 894.8113 இருக்கும். தெலுங்கு இலக்கியத்தில் 894.827. தசமம் சொல்லித்தராவிட்டால், 827 சின்ன எண், 8113 பெரிய எண் என்று தெலுங்கை முன்னால் அடுக்குவார்கள். புத்தகம் இருக்கும், தேடுகிறவனுக்குக் கிடைக்காது. ஒரு பிற்பகல் தட்டுக்கு முன்னால் நிறுத்திக் காட்டினால் தீர்ந்துவிடும். இதற்குச் சான்றிதழ்கூட வேண்டாம், நீ பக்கத்தில் நின்றால் போதும்.

பெரியப்பச்சி வழக்கம்போல், கோட்டையூர் ரோஜா முத்தையா எந்தப் பட்டம் வாங்கிப் புத்தகம் சேர்த்தார் என்று வாதாடுகிறார். வாஸ்தவம்தான். ஆனால் 1992-இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையில் நூலகமாக்கியபோது, பட்டியல் போடவும் மைக்ரோஃபிலிம் எடுக்கவும் பழகிய கைகள் வேண்டியிருந்தனவே என்றேன். பதில் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

மறுபடியும் சொல்கிறேன், இரவு 11.40 வரை உட்காராதே. பிள்ளைகளுக்கெல்லாம் லீவு யோசிக்கிறவன் உனக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள். சீப்புச்சீடையும் மனகோலமும் வந்து சேர்ந்தன என்று நீதான் சொன்னாய். முன்பெல்லாம் மருமகள் கூப்பிட்டு, உப்புக் கூடிப்போயிற்று ஆத்தா என்பாள். இந்தத் தடவை உப்பு சரியாக இருந்ததோ என்னவோ. அவளுக்கும் வேலை இருக்கும்.

பட்டதாரிகளுக்கு பி.லிப். நூலகப் பட்டம் என்று போட்டது நல்லது, அதை மாற்றாதே. லீவை மட்டும் முதல் கட்டத்துக்குக் கொண்டுவா.

நம் முன்னோருக்குப் படைப்பு தையில் வைத்திருக்கிறார்கள். சமையலுக்கு ஆள் கணக்குக் கேட்டுப் பெரியப்பச்சி தினமும் வந்து நிற்கிறார். உன் தம்பி வீட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்கு என்ன சொல்வது? பல்லவன் ரயிலில் டிக்கெட் ஒன்றா, இரண்டா என்று மட்டும் உடனே எழுது.

ஆத்தா