அப்பத்தாவின் சாமி

பாப்பா,

தேருக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. பூண்டு எடுத்தாயிற்று, விலை பரவாயில்லை, அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. நீ சித்தப்பாவிடம் போனில் சொன்னதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். "அப்பத்தாவுக்கு வந்தது சாமி இல்லை, வலிப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அவன் இன்னும் முகம் வாடித்தான் இருக்கிறான். நீயும் அதற்கப்புறம் சரியாகப் பேசுவதில்லை.

காலமெல்லாம் உயிரியல் நடத்தியவன் நான். மூளை இல்லாமல் பக்தி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காற்று லேசாக அசைத்த குடையைப் பார்த்துத் தன் நாய் யாரோ இருக்கிறார்கள் என்று குரைத்ததை டார்வின் 1871-லேயே எழுதி, ஆவி நம்பிக்கைக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டார். கூக்கால் பாதையில் மேகம் இறங்கிய சாயங்காலம் சோலைக்குள் குச்சி முறிந்தால் காட்டுமாடு என்றுதானே நம் கால் நிற்கிறது? ஒன்றுமில்லாததற்கு எத்தனை தடவை நின்றாலும் நஷ்டமில்லை, மாடு இருக்கும்போது ஒரு தடவை நிற்காமல் போனால் முடிந்தது. அப்படி நின்று பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் நாம். தெய்வ நினைப்புக்கு அதுவும் ஒரு வேர் என்று மத நம்பிக்கையை ஆராய்கிற உளவியலாளர் ஜஸ்டின் பாரெட் போன்றவர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் வேர் தெரிந்துவிட்டதாலேயே அது பொய் என்று ஆகிவிடாது, கணக்குப் போடுகிற புத்தியும் அதே மூளையில் வளர்ந்ததுதான்.

சித்தப்பாவிடம் வலிப்பு என்பதற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம் நீ: ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற ஊரில் தீ மிதிக்கிறார்கள். மிதிப்பவரின் நெஞ்சுத் துடிப்பும், பார்த்துக்கொண்டு நிற்கிற சொந்தக்காரரின் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கின, சம்பந்தமில்லாதவருக்கு அப்படி இல்லை என்று 2011-ல் அளந்து சொன்னார்கள். மொரீஷியஸில் காவடி எடுத்தவர்களும் கூட நடந்தவர்களும், வெறுமனே கூடிக் கும்பிட்டவர்களைவிடத் தாராளமாகக் காசு கொடுத்ததையும், வலி கூடக்கூடக் கொடையும் கூடியதையும் 2013-ல் எழுதினார்கள். இதைக் கேட்டால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான்.

அப்பத்தாவுக்கு எப்படி வரும் என்று நீயே பார்த்திருக்கிறாய். கொட்டு ஏறி, குலவை போட்டு, முதலில் வலது தோள் மட்டும் ஆடும், அப்புறம்தான் உடம்பு. அத்தனை ஆட்டத்திலும் படிக்கட்டில் கால் தவறாது, திருநீறு யாருக்குப் போட வேண்டும் என்று தெரியும், கேட்டதற்குப் பதில் சொல்லும். கொட்டு நின்றால் நின்றுவிடும். அடுப்படியில், பூண்டு வயலில் ஒருநாளும் வந்ததில்லை.

வலிப்பு கொட்டுக்குக் காத்திருக்காது. நம் தமிழ்நாட்டில் பிறந்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், மூளையின் பக்கவாட்டில் இருக்கிற பொட்டு மடலில் கிளம்பும் வலிப்பும் பக்தியும் சேர்ந்திருந்த சிலரைச் சோதித்து எழுதியதையும், ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கிக்கு வலிப்புக்கு முந்தின சில விநாடி பேரானந்தமாக இருந்ததையும் நீதான் எனக்குச் சொன்னாய். மூளையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிற பிள்ளை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆனால் எல்லாருக்கும் ஆனந்தம் வருவதில்லை. பலருக்குப் பேச்சு பாதியில் நிற்கும், கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும், வாய் எதையோ மெல்லும், ஒன்றிரண்டு நிமிஷத்தில் தெளியும், நடந்தது நினைவிருக்காது.

பொங்கலுக்கு வந்தபோது டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றாயே, அம்மா இரண்டு தரம் "என்னடி யோசனை" என்றாள். நீ இன்னொரு கையால் ஸ்வெட்டர் பட்டனைத் தடவிக்கொண்டே இருந்தாய். டீ சாய்ந்து காலில் கொட்டியது, நீ காலை இழுக்கவில்லை. அப்புறம் "எப்போ கொட்டுச்சு?" என்று கேட்டாய்.

சித்தப்பாவிடம் நீ அப்பத்தாவைப் பற்றித்தான் சொன்னாயா, பாப்பா?

தம்பி ஈஈஜி என்று வாய்தவறிச் சொல்லி மழுப்பினான், அவனைத் திட்டாதே. மூளையின் மின் அலைகளை ஒரு தடவை பதிவு எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று ஆகாது, உனக்கே தெரியும். சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு வராமலே இருக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொடுத்த மாத்திரையைச் சாப்பிடு, நீயாக நிறுத்தாதே. ராத்திரி கண் விழித்துப் படிக்காதே. டாக்டர் சரி என்று சொல்கிறவரை ஸ்கூட்டரைத் தொடாதே, பஸ்ஸில் போ. கண் விழிக்காதே, இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

சித்தப்பா குலசாமிக்கு நேர்ந்துகொண்டால் தடுக்காதே, மாத்திரையை விட்டுவிடச் சொன்னால் மட்டும் என்னிடம் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அடுத்து டாக்டரை என்றைக்குப் பார்க்கிறாய் என்று எழுது, முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அப்பா