பூசணியின் 100 ரூபாய்

கொரடாச்சேரி
கார்த்திகை 4

அன்புள்ள சந்துரு,

எட்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று ஆரம்பிக்காதே, நீ மட்டும் என்ன எழுதிக் கிழித்துவிட்டாய்? குறுவை அறுத்தாயிற்று, சம்பா நட்டாயிற்று. எல்லோரும் நலம். அதில் ஒரு சின்னத் திருத்தம்: நான் பதினோரு நாள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

பயப்படாதே. நம் கூட்டாளி பூசணி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். தலைமாட்டில் உட்கார்ந்து அந்த 100 ரூபாயை ஞாபகப்படுத்தினான். முப்பத்தெட்டு வருஷத்துக் கடன்! போவதற்குள் வசூலித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறான் படவா.

எல்லாம் முழங்கால் வலியில் தொடங்கியது. நாற்றுப் பறி, நடவு என்று சேற்றிலேயே நின்றால் வேறென்ன ஆகும்? கடைத்தெரு மெடிக்கலில் "வலி மாத்திரை" என்றால் போதும், டைக்ளோபினாக் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நாற்பது நாள். வலி போனது. அப்புறம் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் 3.1. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம்.

சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் உட்கார்ந்து விளக்கினார். மாத்திரை நேரே முழங்காலுக்குப் போகிறது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? அதற்கு முழங்கால் எது, வயிறு எது என்றே தெரியாதாம். அடிபட்ட இடத்தில், வீங்கிய இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்றைச் சுரக்கிறது. அதனால் நரம்பு முனைகள் ரோஷக்காரர்களாகி, லேசாகத் தொட்டாலும் கத்துகின்றன. அதைத் தயாரிப்பது காக்ஸ் என்ற நொதி. மாத்திரை அந்த நொதியை அடைக்கிறது, உடம்பு முழுக்க. தலைமடையை அடைத்தால் எதிரி வயல் மட்டுமா காயும்?

வயிற்றை அமிலம் அரிக்காமல் காக்கும் படலத்துக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின் சரக்குதான் வேண்டும். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை விரித்துப் பிடிப்பதும் அதுதான். நானோ புரட்டாசி வெயிலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு பகலெல்லாம் வயலில் நின்று, அதன் மேல் மாத்திரையையும் போட்டிருக்கிறேன். நம் பக்கத்து நடவாட்கள் எத்தனை பேர் இப்படி விழுங்குகிறார்கள், யோசித்துப் பார்.

இதே வகை மாத்திரையான ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கண்டுபிடித்தது 1971-ல். நோபல் பரிசும் வாங்கினார். அதுவரை உலகமே காரணம் தெரியாமல்தான் விழுங்கியிருக்கிறது, என்னை மட்டும் ஏன் திட்டுகிறாள் என் பெண்டாட்டி?

படுக்கையில் வைத்தீஸ்வரன்கோயில் சுற்றுலா நினைவுக்கு வந்தது. ஜடாயு குண்டத்துச் சாம்பலை நீ கணக்கு வாத்தியார் வழுக்கையில் பூசினாயே! அந்த ஜடாயு இனத்தை நாட்டிலேயே அரிதாக்கியது இதே டைக்ளோபினாக்தான். மாட்டுக்குப் போட்ட மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. 2006-ல் மாட்டு வைத்தியத்துக்குத் தடை போட்டார்கள். நமக்குத்தான் அட்டை அட்டையாகக் கிடைக்கிறது.

இனி விளையாட்டில்லை. இடுப்பு வலிக்கு நீ தினமும் இதே மாத்திரை போடுகிறாய் என்று தங்கச்சி போனில் அழுதது. பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறாய். சில பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் இதோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதலாம். பிரஷர் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, மடையா. டாக்டரிடம் இரண்டையும் காட்டு. பாராசிட்டமால் வேறு ரகம், பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும்தான் வேலை செய்யுமாம். வீக்கம் வற்றாது. அளவு மீறினால் ஈரல் போய்விடும், அதுவும் உன்னைப்போன்ற சனிக்கிழமைக் குடிகாரர்களுக்குச் சீக்கிரமாக.

எனக்குக் கிரியாட்டினின் இப்போது 1.5-க்கு இறங்கியிருக்கிறது. முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. வெந்நீர் ஒத்தடம், கொஞ்சம் தைலம், நிறையப் புலம்பல்.

பொங்கலுக்கு வா. வரும்போது கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் 50 ரூபாயும் எடுத்து வா. பூசணி கடனில் பாதி உன்னுடையது.

உன்
மணி